டிப்ளமோவுக்கு முன்னால் ஜெனரேட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. பெரிய இடத்துக் கல்யாணங்களை எடுத்து நடத்தும் தொழிலுக்கு வர ஆசை, மும்பையில் டிப்ளமோ சேரட்டுமா என்று கேட்டிருந்தாய். தொழிலுக்குத் தாராளமாக வா. டிப்ளமோ இப்போது வேண்டாம். அந்தப் பணம் அண்ணனிடமே இருக்கட்டும்.

முதலில் இரண்டு வருஷம் ஒரு பந்தல் காண்ட்ராக்டரிடமோ, சவுண்டு லைட்டு போடுகிறவர்களிடமோ வேலைக்குச் சேர். பிறகு ஒரு வருஷம் நட்சத்திர ஹோட்டலில் விருந்துகளைக் கவனிக்கும் பேங்க்வெட் பிரிவு. அதற்கப்புறம் பிளானர் கம்பெனிக்குப் போனால் உன் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். நேராக அங்கே போனவர்கள் வருஷக்கணக்கில் விருந்தாளிகளின் ரூம் லிஸ்ட்டையே திருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பட்ட பாடு அப்படி. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரிசார்ட், கடலைப் பார்த்த புல்வெளியில் வரவேற்பு. 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வைத்திருந்தேன். அதில் ஏறக்குறைய 100 கிலோவாட்தான் எடுக்கலாம். லைட்டு, எல்.ஈ.டி. திரை, சவுண்டு எல்லாம் கூட்டினால் 85. போதும் என்று விட்டுவிட்டேன். சமையல்காரர் என்னென்ன செருகப் போகிறார் என்று கேட்கவில்லை. சுடச்சுடப் போட்டுத்தரும் கவுண்டர்களில் பதினொரு மின்சார அடுப்பு, ஒவ்வொன்றும் 2 கிலோவாட். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறுகிற நேரம் பிரேக்கர் விழுந்துவிட்டது. நாலு நிமிஷம் இருட்டு. பெண்ணின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னம்மா, சகுனம் சரியில்லையா?” என்று கேட்டார். அந்தக் கை நடுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து சமையல்கட்டைப் பார்க்காமல் நான் மின்சாரக் கணக்கு எழுதுவதில்லை. அடுப்புக்குத் தனி ஜெனரேட்டர்தான்.

பூவும் அப்படித்தான். காலை ஆறு, ஏழரை முகூர்த்தம் என்றால், முந்தின நாள் பறித்த மல்லி ராத்திரியே மலர்ந்துவிடும். தாலி கட்டும்போது காம்பு தளர்ந்து கிடக்கும். இறுகிய மொட்டாகப் பார்த்து வாங்கி, ஈரத்துணி சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, எந்த மணிக்கு வெளியே எடுப்பது என்று பூக்காரர்தான் சொல்வார். அவர் பக்கத்தில் விடியவிடிய உட்கார்ந்திருந்தால் கற்றுக்கொள்ளலாம்.

உதய்பூரில் பிச்சோலா ஏரிக்கு நடுவே இருக்கும் லேக் பேலஸ் படத்தை அனுப்பியிருந்தாய். அழகுதான். ஆனால் அங்கே படகில்தான் போக முடியும். விருந்தாளிகள் மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் பூக்கூடை, ஸ்பீக்கர், கேபிள் எல்லாமே படகேற வேண்டும். ஒரு படகு எவ்வளவு தாங்கும், இருட்டுவதற்குள் எத்தனை நடை போகும் என்ற கணக்கு முதலில். திரைச்சீலையின் நிறம் அப்புறம்.

இன்னொன்று. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. பணம் இருப்பவர்கள் “பார்த்துக்கலாம்மா” என்பார்கள். அட்வான்ஸ் வாங்குகிற அன்றே வாய்விட்டுச் சொல்லி, எழுத்திலும் வாங்கிவிடு. கல்யாண ராத்திரியில் போலீஸ் வந்து நிற்கும்போது நீதான் முன்னால் போக வேண்டியிருக்கும்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவு. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் கிடையாது. கம்பெனி விழாக்களை வைத்து ஓட்ட வேண்டும்.

எல்லாரும் போனபிறகு ராத்திரி இரண்டு மணிக்குச் சாரம் பிரிப்பார்களே, அந்தப் பையன்களுக்குச் சாப்பாடு எடுத்துவைத்தார்களா என்று பார். கூலியை அந்த ராத்திரியே கையில் கொடு. பார்ட்டியிடமிருந்து பாக்கி வரவில்லை என்று அவர்களிடம் ஒருநாளும் சொல்லாதே. நான் வளையல் அடகு வைத்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரமே கொட்டும் மழையில் கூப்பிட்டபோது, அத்தனை பேரும் வந்து நின்றார்கள்.

தை மாதம் மகாபலிபுரத்தில் ஒரு கல்யாணம் எடுத்திருக்கிறேன். மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடு. புடவை வேண்டாம். கெட்டியான ஷூ, டார்ச், இஞ்ச் டேப், மார்க்கர் கொண்டு வா. முதல் நாள் நீ லாரியிலிருந்து இறங்கும் சாமான்களை எண்ணப்போகிறாய்.

அன்புடன்,
அத்தை