கண்ணாடி போட்டவருக்கும் கண் ஃபோகஸ் வரும்

"அக்கா, நான் மாப்பிள்ளையைப் பார்த்தா ஃபோகஸ் வட்டம் பக்கத்துல நிக்கற மாமா மேல போய் உக்காருது"ன்னு போன்ல புலம்பினியே தம்பி, கேமராவைத் திட்டறதுக்கு முன்னாடி உன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, கீறல் எல்லாம் தெரியும்.

நீ பார்க்கற இடத்துலயே ஃபோகஸ் வைக்கறதுதான் கண் ஃபோகஸ். அதுக்காக வியூஃபைண்டருக்குள்ள இருந்து அகச்சிவப்பு ஒளி உன் கண்ணுல படுது. கண்மணி எங்கே, கருவிழியில அந்த ஒளி மினுங்கற புள்ளி எங்கேன்னு உள்ளே ஒரு சென்சார் பார்த்துக் கணக்குப் போடுது. நடுவுல கண்ணாடி இருந்தா அதுலயும் ஒளி மினுங்கும். பாவம், சென்சார் எதைத்தான் நம்பும்?

கண்ணாடியைத் துடைச்சாச்சா? கண்ணாடியோடவே டயாப்டரைத் திருகி, உள்ளே இருக்கற எழுத்து பளிச்சுன்னு தெரியற மாதிரி வை. அப்புறம்தான் காலிப்ரேஷன், அதாவது உன் கண்ணைக் கேமராவுக்குப் பழக்கறது. உன் கேனான் ஆர்3-ல கண்ணாடியோட ஒண்ணு, இல்லாம ஒண்ணுன்னு தனித்தனி எண்ல சேமிக்கலாம். ரெண்டையும் ஒரே எண்ல கலந்துடாதே. நான் ஒரு தடவை எண் மாத்த மறந்து, தாலி கட்டற நேரத்துல நாதஸ்வரத்தை அவ்வளவு அழகா ஃபோகஸ் பண்ணினேன்!

காலிப்ரேஷனை ஒரு தடவை செஞ்சா போதாது. மண்டபத்துக்குள்ள, வெயில்ல, கேமராவை நெட்டுக்குத்தாப் பிடிச்சுன்னு அதே எண்ல திரும்பத் திரும்பச் செய். சேரச் சேரத் துல்லியம் கூடும். இதே கண் ஃபோகஸோட 1992-ல வந்த கேனான் இஓஎஸ் 5 ஃபிலிம் கேமராவுல அஞ்சே ஃபோகஸ் புள்ளி. நெட்டுக்குத்தாப் பிடிச்சா கண் ஃபோகஸே கிடையாது. நீ கொடுத்து வச்சவன்.

முக்கியமா, வியூஃபைண்டரைச் சுத்தி இருக்கற ஐகப்பைக் கண்ணாடியோட ஒட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல வை. கண்ணாடி மூக்குல வழுக்கி இறங்கினா கணக்கு தப்பும். வழுக்குதுன்னா கண்ணாடிக் கடையில கொடுத்து இறுக்கிக்கோ. பக்கவாட்டு வெயில் கண்ணாடிக்குப் பின்னால நுழைஞ்சா இடது கையால மறைச்சுக்கோ.

அப்பா மாதிரி ப்ரோக்ரஸிவ், பைஃபோகல் போடறவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். கேமராவுக்குன்னே தூரம் பார்க்கற கண்ணாடி ஒண்ணு தனியா வச்சுக்கலாம். கூலிங் கிளாஸ் வேண்டவே வேண்டாம்.

ஹோமப் புகையில கண்ணாடி மங்கிட்டா மல்லுக்கட்டாதே. கண் ஃபோகஸை அணைச்சுட்டு ஜாய்ஸ்டிக்ல புள்ளியை நகர்த்து. முகூர்த்தம் உனக்காகக் காத்திருக்காது.