குழம்பு வைத்தவள் பெயர் என்ன?

கேள்வி: வீட்டிலும் தெருவிலும் பஸ்ஸிலும் பார்ப்பதை வைத்து நாலைந்து வரியில் கவிதை எழுதிப் பழகிவருகிறேன். பெரும்பாலும் என் மாமியார்தான் கதாநாயகி. இப்போது குறுந்தொகையும் படிக்கிறேன். அதில் மோர்க்குழம்பு வைக்கிற பெண்ணுக்குப் பெயரில்லை. அதைச் சாப்பிட்டவருக்கும் பெயரில்லை. சரி, பாடியவர்களையாவது பார்ப்போம் என்றால் ‘குப்பைக்கோழியார்’, ‘மீனெறி தூண்டிலார்’ என்று பட்டப்பெயராக இருக்கிறது. சுவடியைக் கரையான் அரித்ததில் பெயர்கள் போய்விட்டன என்கிறார் என் கணவர். உண்மையா? என் கவிதையில் மாமியார் பெயரைப் போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேவகோட்டை

பதில்: பெயர் ஏன் இல்லை என்று கேட்டுவிட்டு, கடிதத்தின் அடியில் ‘என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதிலில் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள் அம்மா. மீதியை நான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் கரையானைப் பார்த்துவிடுவோம். சுவடிகளைக் கரையான் தின்றது உண்மைதான்; தமிழில் அதனால் தொலைந்தது கொஞ்சமல்ல. ஆனால் குறுந்தொகையில், கடவுள் வாழ்த்தை விட்டுவிட்டால், 401 பாட்டு இருக்கிறது. இத்தனையிலும் காதலித்தவன், காதலித்தவள், தோழி, வளர்த்த தாய் என்று ஒருவருக்கும் பெயர் கிடையாது. அதே நூலில் அரசர் பெயர்கள் தாராளமாக வருகின்றன.

பரணர் பாடிய 393ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் அவளைத் தழுவியிருந்த நாட்கள் மிகச் சில; ஊர்ப்பேச்சோ ஊர் கொள்ளாமல் கிடக்கிறது. இந்தப் பேச்சுக்குப் பெயர் ‘அலர்’: பூ விரிவதுபோல வாய்க்கு வாய் விரிகிற வம்பு. அது எவ்வளவு பெரிது? வாகைப் பறந்தலை என்ற களத்தில் அதிகன் தன் யானையோடு பட்ட அன்று கொங்கர் போட்ட ஆரவாரத்தைவிடப் பெரிது. நாலு பேர் திண்ணையில் பேசுவது ஒரு படையின் கூச்சலை மிஞ்சிவிடும் என்பது, வம்புக்கு ஆளானவர்களுக்கு மிகையாகத் தோன்றாது. அது போகட்டும். இங்கே அதிகன் உண்டு, பாண்டியன் உண்டு, கொங்கர் உண்டு. பேச்சுக்கு ஆளானவள் பெயர் மட்டும் இல்லை. இப்படிப் பொறுக்கிப் பொறுக்கித் தின்கிற கரையானை நான் கேள்விப்பட்டதில்லை.

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற பழைய வழக்கம்தான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. என் பாட்டி ரேஷன் கடையில் தாத்தா பெயரைச் சொல்ல மாட்டாமல், வரிசையில் பின்னால் நின்றவரைச் சொல்ல வைத்தவர். அந்த வழக்கம் எனக்குப் புரியும். ஆனால் இந்தப் பாட்டுகளில் ஆணும் அவள் பெயரைச் சொல்வதில்லை. வழியில் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள்கூடச் சொல்வதில்லை. ஆகவே அதுவும் இல்லை.

காரணம் ஓர் இலக்கண விதி. நம் பழைய புலவர்கள் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்தார்கள். காதலும் குடும்பமும் ‘அகம்’. போர், கொடை, ஊர், அரசு எல்லாம் ‘புறம்’. அகத்தின் ஐந்து திணைகளிலும், அதாவது நிலமும் பொழுதும் மனநிலையும் சேர்ந்த ஐந்து பிரிவுகளிலும், இன்னார் என்று சுட்டி ஒருவர் பெயரையும் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். உவமையில் அரசன் பெயர் வரலாம். காதலிப்பவராக வரக் கூடாது. புறத்தில் இந்தத் தடை இல்லை. பாரி என்று சொல்லாமல் பாரியைப் புகழ முடியுமா?

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அகப்பாட்டில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி என்ற வளர்ப்புத்தாய் பேசுவாள். யார் பேச்சு என்பதற்குக் ‘கூற்று’ என்று பெயர். ஆகவே இவை புலவரின் சொந்தக் காதல் நாட்குறிப்பு என்று எண்ணிப் படிப்பதும் தவறு. நாடகத்தில் வேஷம் கட்டுவதுபோலத்தான். அந்த வேஷத்துக்குள் யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம். பெயர் ஒட்டினால் அது ஒருவருக்கே அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிடும்.

விதியில் எவ்வளவு கறார் என்பதற்கு நெடுநல்வாடையைச் சொல்ல வேண்டும். நக்கீரர் பாடியது, 188 அடி. வாடைக்காற்று அடிக்கிற நள்ளிரவில் அரண்மனையில் அரசி தூங்காமல் வருந்துகிறாள். பாசறையில் அரசன் தூங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். யாருக்கும் பெயர் இல்லை. அகம்தானே? ஆனால் ஒரு வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது என்று ஓரிடத்தில் வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியர் மாலை. ஆள் யார் என்று தெரிந்துபோயிற்று. ஆகவே இது புறம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். 188 அடியை ஒரு கொத்து வேப்பிலை இடம் மாற்றிவிட்டது!

நச்சினார்க்கினியர் கொஞ்சம் அதிகமாகவே கண்டிப்புக் காட்டிவிட்டார் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். பிறகு எனக்கே நேர்ந்தது. எங்கள் தெருக்காரர் ஒருவரைப் பற்றி, ஊர் பேர் தொழில் எல்லாம் மாற்றி, ஒரு பக்கக் கதை எழுதினேன். சைக்கிள் சீட்டுக்கு ஜவுளிக்கடைப் பையை உறையாகப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருப்பார் என்பதை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். மறுநாள் காலை அதே சைக்கிளில் வந்து வாசலில் பெல் அடித்தார். இரண்டு வருடம் பேச்சில்லை.

இனி உங்கள் மோர்க்குழம்புக்கு வருவோம். 167ஆம் பாட்டு, ஆறே அடி. பேசுகிறவள் செவிலி; மகள் தனிக்குடித்தனம் நடத்தும் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறாள். அவள் சொல்வதைக் கவனியுங்கள். மகள் கட்டித்தயிரை விரலால் பிசைகிறாள். அந்த விரலைக் கட்டியிருக்கிற சேலையிலேயே துடைத்துவிட்டு, துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். போய் மாற்றிக்கொண்டு வருவதற்குள் அடுப்பில் இருப்பது என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. தாளிப்புக்கு அன்றைய சொல் ‘குய்’. அவளே துழாவி இறக்கிய குழம்பை, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் மகிழ்கிறது. அதுவும் மிக நுட்பமாக, பார்க்கத் தெரிந்தவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. ஒரு விரல், ஒரு சேலை, ஒரு புகை. பெயரைத் தவிர எல்லாம் இருக்கிறது.

இங்கேதான் புதிதாக எழுதுகிறவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெயர் வேண்டாம் என்றால் பொதுவாக எழுத வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, ‘தாய்மை’, ‘பாசம்’, ‘தியாகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கூடலூர் கிழார் (அவர்தான் 167ஐப் பாடியவர், அவர் பெயரிலும் ஊர்தான் இருக்கிறது) பெயரைத்தான் விட்டார், சேலைக்கறையை விடவில்லை. இல்லறத்தின் மாண்பு என்று அவர் ஆரம்பித்திருந்தால் இன்று தேவகோட்டையிலிருந்து நீங்கள் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

அடுத்தது பாடியவர்கள். இதில் மட்டும் உங்கள் கணவருக்குப் பாதி மதிப்பெண். கதாபாத்திரங்களின் பெயர் வேண்டுமென்றே விடப்பட்டது. சில புலவர்களின் பெயர் நிஜமாகவே தொலைந்தது. கரையானுக்கு முன்பே மறதி முந்திக்கொண்டது. பாட்டுகளைத் தொகுத்தபோதே சிலருடைய இயற்பெயர் தெரியவில்லை. என்ன செய்வது? அவரவர் பாட்டில் வந்த அழகான உவமையையோ தொடரையோ எடுத்துப் பெயராக்கிவிட்டார்கள். குப்பைமேட்டில் தாமாகவே சண்டை போட்டு, விலக்கிவிட ஆளில்லாமல் தாமாகவே ஓய்கிற கோழிகளைத் தன் துயரத்துக்கு உவமை சொல்கிறாள் ஒரு தலைவி. அதைப் பாடியவர் குப்பைக்கோழியார்.

எனக்கு இவர்களில் பிடித்தவர் ஓரேருழவனார். வெளியூரில் வேலை முடிந்து, வீட்டுக்குத் திரும்பத் தவிக்கிற ஒருவனைப் பாடியவர். மழை பெய்து நிலம் உழவுக்குப் பதமாக இருக்கிறது. உழவனிடம் இருப்பதோ ஒரே ஒரு ஏர். ஈரம் காய்வதற்குள் முழுவதையும் உழுதாக வேண்டும். அவன் மனம் எப்படிப் பறக்குமோ அப்படிப் பறக்கிறதாம் இவன் மனம். தொழில் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் இந்தப் பதற்றம் படும். இவர்களுக்கு இயற்பெயர் கிடைத்திருந்தால் நாம் இவ்வளவு நினைவு வைத்திருப்போமா என்பது எனக்குச் சந்தேகம்தான். குறுந்தொகையில் பத்துப் பாடல்களுக்கு இந்தப் பட்டப்பெயரும் இல்லை. பாடியவர் யாரென்று தெரியாமலே நிற்கின்றன.

கடைசியாக உங்கள் மாமியார். நீங்கள் இணைத்து அனுப்பிய கவிதையைப் படித்தேன். முதல் வரியில் இருக்கிற அவர் பெயரை எடுத்துவிடுங்கள். மூன்றாவது வரியில் ‘அன்பின் சிகரம்’ என்று இருப்பதையும் எடுத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலுக்கு மல்லிகைச் சரத்து நாரைச் சுற்றி, அதைப் போட்டுக்கொண்டு பால் கணக்கு எழுதுகிறார் என்ற வரி இருக்கிறதே, அதைத் தொடவே வேண்டாம். என்ன ஒரு சங்கடமென்றால், அந்த நார் இருக்கிறவரை உங்கள் தெருவில் யாருக்கும் ஆள் யாரென்று தெரியாமல் இருக்காது. பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு.