கடையில் களவு: சட்டம் எதைப் பார்க்கிறது?

உக்குவளைச் சந்தியிலுள்ள ஒரு கடையில் ஒரு தாய் பால்மாப் பைக்கற்று ஒன்றைப் பணம் கொடுக்காமல் பைக்குள் மறைத்து வைக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். "சின்னக் களவுதானே, வழக்கு வராது" என்பர் சிலர். "கட்டிவைத்து அடித்தால்தான் புத்தி வரும்" என்பர் வேறு சிலர். இரண்டுமே பிழையான எண்ணங்கள். ஏன் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. களவு என்பது எது?

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 366ஆம் பிரிவில் இதற்கு விளக்கம் தருகிறது. இன்னொருவர் வசமுள்ள அசையும் பொருளை, அவரது சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்துக்கொள்வதற்காக நகர்த்துவதே களவு. ஆகவே கடை வாசலைத் தாண்டுமுன்பே குற்றம் நிறைவேறிவிடலாம். ஆனால் மறதியாகக் கொண்டுசென்றால் அது களவல்ல. எண்ணத்தை நிரூபிப்பது வழக்குத் தொடுப்போரின் கடமை.

2. விலையா, விதமா?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பொருளின் விலையே குற்றத்தைச் சிறிது, பெரிது என்று பிரிக்கிறது. டெக்சாஸில் 2,500 டொலர் அந்த எல்லை; கலிபோர்னியாவில், முன்குற்றம் இல்லாதவருக்கு, 950 டொலர். எமது தண்டனைச் சட்டக்கோவை அவ்வாறு விலைக்கோடு போடவில்லை. எங்கே, யார், எப்படி எடுத்தார் என்பதையே அது பார்க்கிறது.

• சாதாரண களவு (பிரிவு 367): 3 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும்.
• வீட்டில், அல்லது பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் களவு (369): 7 வருடம் வரை. கடையும் இதில் அடங்கலாம்.
• வேலையாள் தன் எசமானின் பொருளைக் களவெடுத்தல் (370): 7 வருடம் வரை.
• களவெடுத்ததைக் கொண்டுசெல்வதற்காக ஒருவரை அடித்தால் அது கொள்ளை (380): 10 வருடம் வரை.
• அரச சொத்து என்றால் 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். சிறை 1 வருடத்துக்குக் குறையாது, 20 வருடம் வரை போகலாம். தண்டப்பணம் பொருளின் பெறுமதியைப் போல் மூன்று மடங்காகலாம்.

3. இரக்கத்துக்கு இடமுண்டா?

உண்டு. மேலே சொன்ன வருடங்களில் பெரும்பாலானவை உச்ச அளவுகள். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு, வயது, நடத்தை, உடல்நலம், குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைக் கருதி, குற்றத்தீர்ப்புப் பதியாமலே எச்சரித்து விடுவிக்க நீதவானுக்கு இடமளிக்கிறது. எனவே முதல் தடவை மாட்டியவர் தன் குடும்ப நிலையை நீதிமன்றில் சொல்ல வேண்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயல் குற்றமாகாது.

4. கடைக்காரர் என்ன செய்யலாம்?

தன் கண்முன்னே களவெடுத்தவரைப் பிடித்து வைக்கலாம். தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைக்கவும் வேண்டும். அடிக்க உரிமையில்லை. 2023இல் பொரளையிலுள்ள ஒரு சுப்பர் மார்க்கெட்டில், களவெடுத்ததாகச் சொல்லி ஒரு கர்ப்பிணிப் பெண் தாக்கப்பட்டார். முடிவில் கைதானவர்கள் அந்தக் கடை ஊழியர்களே.

கலந்துரையாடுவோம்

1. எமது தோட்டத்தில் ஒருவர் களவில் பிடிபட்டால் நாம் முதலில் செய்வது என்ன?
2. பசிக்காக எடுத்தவரையும் விற்பதற்காக எடுத்தவரையும் நாம் ஒரே விதமாக நடத்துகிறோமா?
3. ஒரு வீட்டில் பால்மாவுக்கு வழியில்லை என்பது அயலவருக்கு எப்போது தெரியவருகிறது: களவுக்கு முன்பா, பின்பா?