ஹூக்குல மாட்டறதுக்கு முன்னாடி

முதல் வேர்ட்பிரஸ் பிளகின் எழுதப் போறேன்னு மெசேஜ் போட்டிருந்தியே தம்பி, படிச்சேன். 'ஆட் ஆக்‌ஷன்' எழுதறது ரெண்டு நிமிஷ வேலை. எந்த ஹூக்குல மாட்டறோம், அது எப்போ, எத்தனை தரம் ஓடும்னு பார்க்கறதுக்குத்தான் நேரம் எடுத்துக்கணும். அதைப் பார்க்காம நான் பட்டது போதும்.

புதுக் கட்டுரை வந்தா சந்தாதாரருக்கு மெயில் போகணும்னு ஒருத்தர் கேட்டார். 'சேவ் போஸ்ட்'ல மாட்டிவிட்டேன். அது டிராஃப்ட்டைச் சேமிச்சாலும் ஓடும், ஒரு கமாவைத் திருத்தி அப்டேட் அழுத்தினாலும் ஓடும், ரிவிஷன் சேரும்போது தனியா ஒரு தரம் ஓடும். அந்த மனுஷரோ திருத்திக்கிட்டே இருக்கற ஆளு. எத்தனை மெயில் போச்சுன்னு நான் எண்ணலை. வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு.

அந்த வேலைக்கு 'டிரான்சிஷன் போஸ்ட் ஸ்டேட்டஸ்'தான் சரி. புது நிலை, பழைய நிலை, பதிவு மூணையும் கையில தரும். புதுசு 'பப்ளிஷ்'ஆ இருந்து, பழசு அது இல்லைன்னா மட்டும் அனுப்பு. போஸ்ட் டைப்பையும் பாரு, பக்கத்துக்கும் மெனு ஐட்டத்துக்கும்கூட இது ஓடும்.

மூணும் வரணும்னா ஆட் ஆக்‌ஷன்ல நாலாவது இடத்துல 3 போடணும். சும்மா விட்டா 1தான். பிஎச்பி 7.1லேர்ந்து அதுக்கு ஃபேட்டல் எரரே விழும். அவசரத்துல அந்த 3ஐ மூணாவது இடத்துல போட்டுடாதே, அது பிரயாரிட்டி. டீஃபால்ட் 10, சின்ன எண் முதல்ல ஓடும்.

சேவ் போஸ்ட்டுக்குள்ள இருந்தே பதிவை அப்டேட் பண்ணினா அது மறுபடி சேவ் போஸ்ட்டைக் கூப்பிடும். சர்வர் மூச்சு வாங்கற வரைக்கும் சுத்தும். முதல்ல 'ரிமூவ் ஆக்‌ஷன்', அப்புறம் அப்டேட், அப்புறம் திரும்ப மாட்டு. பிரயாரிட்டி 20ல மாட்டினதைக் கழட்டும்போதும் 20னு சொல்லணும், இல்லைன்னா கழலாது. பேரில்லாத ஃபங்ஷனை மாட்டினா வேற யாரும் லேசுல கழட்ட முடியாது. அதனால பேர் வை, முன்னாடி உன் பிளகின் பேரையும் சேர்த்துக்கோ.

டேபிள் உருவாக்கறதை 'இனிட்'ல வைக்காதே. அது ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் ஓடும். ஆக்டிவேஷன் ஹூக் எதுக்கு இருக்கு?

இன்னிக்கு ராத்திரி டீபக் லாகை ஆன் பண்ணி, சேவ் போஸ்ட்ல ஒரே ஒரு வரி 'எரர் லாக்' மாட்டு. ஒரு தரம் அப்டேட் அழுத்திட்டு ஃபைல்ல எத்தனை வரி விழுந்திருக்குன்னு எண்ணு. பிளாக் எடிட்டர்ல பழைய மெட்டா பாக்ஸ் இருந்தா இன்னும் கூடும். எண்ணிட்டு போன் பண்ணு.