25 ரூபாய் ஊறுகாய், 35,025 ரூபாய் பாடம்

பௌர்ணமி இரவு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலில் சுற்றி முடித்த குடும்பம் ஒன்று திருவண்ணாமலை ஓட்டல் ஒன்றில் வந்து உட்கார்கிறது. குழந்தைக்குப் பூரி கேட்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து, "பூரி தீர்ந்துடுச்சு சார், தோசைதான் இருக்கு" என்கிறார் சப்ளையர். வந்த தோசையும் ஆறிப்போயிருக்கிறது. கல்லாவில் சொன்னால், "இன்னைக்குக் கூட்டம், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வருகிறது.

பூரி தீர்ந்துபோவது யார் குற்றமும் இல்லை. அதை அரை மணி நேரம் சொல்லாமல் விட்டதும், கல்லாவில் கிடைத்த பதிலும்தான் அந்தக் குடும்பத்தை மறுபடி அந்தப் படி ஏறவிடாது. ஓட்டல் வேலையில் முன்னுக்கு வர நினைக்கும் ஒவ்வொருவரும் கற்க வேண்டியது, குறை வந்தால் எப்படிப் பேசுவது என்பதைத்தான்.

விழுப்புரத்தில் நடந்தது

2022 நவம்பரில் விழுப்புரத்தில் ஒருவர், உறவினரின் நினைவு நாளுக்காக 80 ரூபாய் வீதம் 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். மொத்தம் 2,000 ரூபாய். பிரித்துப் பார்த்தால், பட்டியலில் இருந்த ஊறுகாய் எந்தப் பார்சலிலும் இல்லை. பார்சலுக்கு 1 ரூபாய் என்று 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். ஓட்டல் மறுத்தது. வழக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது: மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவுக்கு 5,000, ஊறுகாய்க்கு 25. முறையான ரசீதும் தரச் சொன்னது ஆணையம்.

"தப்பு எங்களுதுதான் ஐயா, இந்தாங்க" என்று கவுன்டரிலேயே 25 ரூபாயை எடுத்துக் கொடுத்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

சப்ளையருக்கு

*தீர்ந்ததை முதலில் சொல்லுங்கள்.* பரிமாறத் தொடங்கும் முன் சமையல்கட்டில் மாஸ்டரிடம் எது இருக்கிறது, எது முடியப்போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுக்கும்போதே, "பூரி இல்லீங்க, பொங்கல் சூடா இருக்கு" என்று சொல்லிவிட்டால் யாரும் கோபப்படப்போவதில்லை.

*நேரத்தை உண்மையாகச் சொல்லுங்கள்.* இருபது நிமிடம் ஆகுமென்றால் இருபது என்றே சொல்லுங்கள். "இதோ வந்துடுச்சு" என்பதை இரண்டாவது முறை கேட்பவருக்கு உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். தாமதமானால் நீங்களே மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள். கூப்பிடுகிறவரைப் பார்க்காததுபோல் கடந்து போகாதீர்கள்.

*குறை சொன்னால் வாதாடாதீர்கள்.* முழுவதும் கேளுங்கள். "மன்னிச்சுக்கோங்க, மாத்தித் தரேன்" என்று சொல்லித் தட்டை உடனே எடுங்கள். "மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்ற பதில் வேண்டவே வேண்டாம்.

*கொஞ்சம் தெலுங்கு பழகுங்கள்.* ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து பக்தர்கள் திரளாக வரும் ஊர் திருவண்ணாமலை. "அயிபோயிந்தி" என்றால் தீர்ந்துவிட்டது. "ஐது நிமிஷால்லோ வஸ்துந்தி" என்றால் ஐந்து நிமிடத்தில் வரும். இவ்வளவு தெரிந்தாலே பாதிச் சங்கடம் தீரும்.

பார்சல், கல்லா

பார்சல் கட்டும் இடத்தில் என்னென்ன வைக்க வேண்டும் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். கொடுக்கும்முன் வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள். துண்டுச்சீட்டில் கணக்கெழுதிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இன்று எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்களிடம் சொல்லித் தீராத குறை அங்கே போகும்.

முதலாளிக்கு

ஆறிய தோசையை மாற்றக்கூட உங்களைக் கேட்க வேண்டும் என்றால், பையன் வாயைத் திறக்கவே பயப்படுவான். 100 ரூபாய் வரை அவனே முடிவு செய்யலாம் என்று அதிகாரம் கொடுங்கள். அதற்காகச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். கூட்ட நாளில் பதினாறு மணி நேரம் நிற்பவனிடம் கனிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆளைக் கூட்டுங்கள், மாற்றி உட்கார வையுங்கள்.

முன்னேற்றம் எங்கே?

தட்டு ஏந்துவதைச் சில வாரங்களில் பழகிவிடலாம். கோபத்தோடு எழுந்தவரை உட்காரவைத்துச் சாப்பிட வைப்பவரைத்தான் சூப்பர்வைசராக உயர்த்துவார்கள். எந்தெந்தக் குறை வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த வேலைக்கான நேர்காணலில் பேச உங்களிடம் விஷயம் இருக்கும். அடுத்த பௌர்ணமிக்கு முன் முதலாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "குறை வந்தா நானே எவ்வளவு வரைக்கும் முடிவு பண்ணலாம் அண்ணே?"