பசளைச் சண்டை கற்பித்த பாடம்

நாட்டு நடப்பைப் பற்றி வாதாடாத வீடு நம்மிடையே இல்லை. வாசிகசாலைத் திண்ணையிலும், கோவில் முற்றத்திலும், செத்தவீட்டுப் பந்தலிலுங்கூட இந்த வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. மனிதர் கூடிப் பேசுவது நல்லதே. ஆயினும், விஞ்ஞானமும் அரசியலும் மண்ணும் நீரும் ஒன்றாகக் கலந்து வரும் விடயங்களில் நாம் வாதாடும் முறையைச் சற்று ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலும் இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பது புலனாகும். ஒருவர் ஒரு கேள்வியை எழுப்ப, மற்றவர் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறார். குரல்கள் உயர்கின்றன. ஈற்றில் உறவே முறிந்துவிடுகிறது.

இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டின் பசளைத் தடையை எடுத்துக்கொள்வோம்.

அவ்வாண்டு ஏப்ரல் மாத இறுதியில், இரசாயனப் பசளையினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதியை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மே மாத முற்பகுதியில் வர்த்தமானியும் வெளிவந்தது. சேதனப் பசளைக்கு மாறுவதற்கு 10 ஆண்டுகள் என்று 2019ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் கால எல்லை குறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பத்து ஆண்டுகள் ஒரே போகமாகச் சுருங்கின. நவம்பர் மாதத்தில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்பு பல இடங்களில் முடிந்திருந்தது. 2021இல் ஏறக்குறைய 51 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நெல் விளைச்சல், 2022இல் 34 இலட்சம் மெற்றிக் தொன்னாக வீழ்ந்தது. தேயிலையும் ஏறக்குறைய 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடி கிலோவாகக் குறைந்தது. (இவ்வீழ்ச்சி முழுவதையும் தடையின் கணக்கிலேயே எழுதிவிடுவதும் நீதியன்று; 2022இல் எரிபொருளும் இல்லை, உலகச் சந்தையில் பசளை விலையும் ஏறியிருந்தது.)

அந்த நாட்களில் வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரர் வீடொன்றில் நடந்திருக்கக்கூடிய உரையாடலை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மகன் சொல்கிறான்: "உந்த யூரியாவாலைதானே ஐயா எங்கடை கிணத்துத் தண்ணி பழுதாய்ப்போச்சு. நிப்பாட்டினது நல்லதுதான்."

தகப்பனுக்குச் சினம் மூள்கிறது: "நீ படிச்சனி, கதைப்பாய். வெங்காயம் நட்டாப்பிறகு பசளை இல்லையெண்டால் அடகு வைச்ச நகையை ஆர் மீட்கிறது?"

சாய்மனைக் கதிரையிலிருந்த மாமா குறுக்கிடுகிறார்: "கிணறுமில்லை, கிட்னியுமில்லைத் தம்பி. கையிலை டொலர் இல்லை. அதுக்குத்தான் உந்த விளையாட்டெல்லாம்."

மூவரில் யார் சொன்னது சரி? மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மகன் பேசியது நிலத்தடி நீரைப் பற்றி. தகப்பன் பேசியது இந்தப் போகத்தில் செய்யவேண்டியதைப் பற்றி. மாமா பேசியது ஆள்வோரின் நோக்கத்தைப் பற்றி. இவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்குரிய விடை மற்றொன்றுக்கு விடையாகாது. இந்த ஒரு வேறுபாட்டை அன்று நாடு முழுவதும் மறந்திருந்தது என்பதே எமது எண்ணம்.

முதலில் மகன் சொன்னதைப் பார்ப்போம். உள்ளது என்ன, எதனால் வந்தது என்பது இங்கு கேள்வி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி, உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. மேலே இடுவது எதுவாயினும் வெகு விரைவில் அந்த வில்லையை அடைந்துவிடும். பயிர் உண்டது போக மிஞ்சிய நைதரசன், நைத்திரேற்று என்னும் உப்பாகக் கிணற்றில் இறங்குகிறது. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இதற்கு மேற்பட்ட அளவு இங்குள்ள தோட்டக் கிணறுகள் பலவற்றில் காணப்பட்டதாக ஆய்வுகள் நெடுங்காலமாகவே சொல்லி வந்துள்ளன. இவ்வுப்பு, பிறந்து சில மாதங்களேயான குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவைக் குறைக்கிறது. கடுமையானால் குழந்தையின் மேனி நீலம் பாய்ந்துவிடும்.

ஆகவே மகன் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. ஆயின் அவன் சொல்லாமல் விட்டதும் உண்டு. நைத்திரேற்று யூரியாவிலிருந்து மட்டும் வருவதில்லை. வீட்டுக்கு வீடு, கிணற்றுக்கு அண்மையில் வெட்டப்பட்ட மலசலகூடக் குழிகளிலிருந்தும் வருகிறது. அளவுக்கு மிஞ்சி இட்ட மாட்டெருவிலிருந்தும் வருகிறது. கிணற்றை அடைந்த நைத்திரேற்று தான் எந்த வழியால் வந்தது என்று சொல்வதில்லை. சேதனம் என்ற சொல்லே தூய்மைக்குச் சான்றாகிவிடாது.

சிறுநீரக நோய் பற்றிய வாதமும் இத்தகையதே. 1990களில் வட மத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட அந்நோய்க்குக் காரணம் இதுவே என்று இன்றும் எல்லா ஆய்வாளரும் உடன்படவில்லை. நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைத்தல் எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. கிளைபோசேற் என்னும் களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டதும் இந்த அச்சத்தினாலேயே. ஆனால் 2021இல் பலர் களைநாசினி மீதிருந்த குற்றச்சாட்டை அப்படியே பசளைமீது ஏற்றிப் பேசினார்கள். களைநாசினி வேறு, பசளை வேறு. இந்தச் சிறு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியவர்களையே மக்கள் விரோதிகளாகப் பார்த்ததும் உண்டு.

இனித் தகப்பன் கேட்டது. பசளை கிணற்றைக் கெடுக்கிறது என்று முழுவதுமாக ஒப்புக்கொண்டாலும், 'ஆகவே நாளைக்கே நிறுத்து' என்ற முடிவு தானாக வந்துவிடாது. இவ்விடத்தில் நாலாம் வகுப்புக் கணக்கு ஒன்று போதுமானது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். எனவே 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. மாட்டெருவிலோ நூற்றுக்கு அரைப்பங்கு முதல் ஒரு பங்கு வரையே இருக்கும். ஒரு மூடை யூரியாவுக்கு ஈடுசெய்ய 2,300 முதல் 4,600 கிலோ வரை எரு வேண்டும். ஒருவர் தோளில் சுமந்துவரும் மூடைக்குப் பதிலாக உழவு இயந்திரப் பெட்டிகளில் எருவைப் பறிக்கவேண்டும். அன்றியும் எருவிலுள்ள நைதரசன் மெல்ல மெல்லவே பயிருக்குக் கிடைக்கும். இத்தனை எருவுக்கு மாடு எங்கே, மாட்டுக்குப் புல் எங்கே, ஏற்றி இறக்கக் கூலி எங்கே? இந்தக் கணக்கைப் போடாமல் சேதனப் பசளையின் பெருமையைப் பேசியவர்களும் உண்டு. கணக்கைக் காட்டி, எருவே வேண்டாம் என்று எள்ளிநகையாடியவர்களும் உண்டு. எரு மண்ணுக்குப் பதம் தரும், ஈரம் பிடிக்கும். அதை யூரியா செய்யாது. இதுவும் கணக்கில் சேரவேண்டியதே.

காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து அமோனியாவாக்கும் வழியை 1909இல் ஜெர்மன் விஞ்ஞானி பிரிற்ஸ் ஹாபர் செய்து காட்டினார். 1913இல் அது தொழிற்சாலை அளவுக்கு வந்தது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு இந்தத் தொழில்நுட்பத்தில் தங்கியிருப்பதாகக் கணிக்கிறார்கள். அதே அமோனியா முதலாம் உலகப் போரில் வெடிமருந்துக்கும் பயன்பட்டது. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பவருக்கு விடையே கிடைக்காது என்பதற்கு இது ஒன்றே போதும். எவ்வளவு, எங்கே, யார் கையில் என்று கேட்கவேண்டும்.

தடையை ஆதரித்தோர் இந்தியாவின் சிக்கிம் மாநிலத்தை எடுத்துக்காட்டினர். சிக்கிம் முழுமையாகச் சேதன மாநிலமாக 2016இல் அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் தீர்மானம் எடுத்தது 2003இல். இடையில் 13 ஆண்டுகள் படிப்படியாகப் போயின. அங்கு ஏறக்குறைய 75,000 ஹெக்டேயர் நிலமே மாற்றப்பட்டது. தொடக்கத்திலேயே அங்கு இரசாயனப் பசளைப் பாவனை குறைவு. உண்ணும் அரிசியில் பெரும்பகுதி வெளி மாநிலங்களிலிருந்து வருகிறது. எடுத்துக்காட்டில் பாதியைக் காட்டி மீதியை மறைப்பது பொய் சொல்வதற்கு மிக அண்மையில் நிற்கிறது.

மாமா சொன்னதற்கு வருவோம். டொலர் தட்டுப்பாடு கற்பனையன்று. 2021இல் அந்நியச் செலாவணி கையிருப்பு கரைந்துகொண்டே போனது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. மக்களின் ஆரோக்கியம் என்று சொல்லப்பட்டதன் பின்னால் பணமுடையும் இருந்தது என்று ஐயுற இடமுண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவருடைய நோக்கம் பழுதானது என்று காட்டிவிட்டால், அவர் சொன்ன காரியம் பொய்யென்று நிறுவியதாகாது. அரசாங்கத்தின் உள்நோக்கம் எதுவாயினும், கிணற்று நீரில் நைத்திரேற்று இருந்தால் இருக்கிறதுதான்.

இதே தவறை மறுபக்கத்திலும் செய்தார்கள். படிப்படியாக மாறுங்கள் என்று எச்சரித்த விவசாயப் பேராசிரியர்களும் பொருளியலாளர்களும் பசளை வியாபாரிகளின் கையாட்கள் என்று ஏசப்பட்டனர். வாய்திறந்த ஒரு பேராசிரியர் விவசாய அமைச்சில் தாம் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். அவர்கள் சொன்ன கணக்கு சரியா பிழையா என்று பார்ப்பதை விட்டு, அவர்கள் யாருடைய ஆட்கள் என்று பார்த்தார்கள். யாருடைய வயிறு இதற்கு விலை கொடுக்கும் என்று கேட்கவேண்டிய இடத்தில் அந்தக் கேள்வி எழவேயில்லை. கமக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. எமக்கு இதுவே அக்கதையில் மிகவும் வருந்தத்தக்க பகுதியாகத் தோன்றுகிறது.

வாதம் செய்யும் கலை நம் முன்னோருக்குத் தெரியாததன்று. நூல் செய்வோர்க்குரிய எழுவகை மதங்களை நன்னூலார் வகுத்துச் சொல்லுமிடத்தில், பிறர் கருத்துக்கு உடன்படுவதை முதலில் வைத்து, மறுப்பதை அதன்பின் வைக்கிறார். பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர் களைவதும் அவற்றுள் ஒன்று. 13ஆம் நூற்றாண்டிலே அர்ச். தோமஸ் அக்குவீனாஸ் எழுதிய இறையியற் பெருநூலைப் புரட்டிப் பார்ப்பவர் வியப்படைவர். ஒவ்வொரு கேள்வியிலும் எதிர்த்தரப்பின் நியாயங்களே முதலில் வருகின்றன. அவையும் நோஞ்சான் நியாயங்களல்ல. அதன் பின்னரே தம் விடையைச் சொல்லி, ஒவ்வொரு தடைக்கும் மறுமொழி தருகிறார். பழைய குருமடங்களில் நடந்த தர்க்கப் பயிற்சியிலும் எதிராளி சொன்னதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். அதன் பிறகு மூன்று விடைகளில் ஒன்றைத் தரலாம்: ஏற்கிறேன், மறுக்கிறேன், வகுத்துரைக்கிறேன். இம்மூன்றில் மிகவும் பயனுள்ளது மூன்றாவது. இன்று நாம் அடியோடு மறந்திருப்பதும் அதுவே.

அந்த வலிகாமத்து வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். "ஐயா, நட்ட பயிருக்குப் பசளை இல்லாட்டி எங்கடை கடன் ஏறும் எண்டுறியள். அது சரி. இந்தப் போகம் நிப்பாட்டச் சொல்லேல்லை. ஆனால் கிணத்தைப் பற்றி நான் சொல்லுறதைப் பிழையெண்டு சொல்லுறியளோ?" என்று மகன் கேட்டிருந்தால், தகப்பன் என்ன சொல்லியிருப்பார்? அந்தத் தண்ணீரைத்தானே அவரும் குடிக்கிறார்! எவ்வளவு குறைக்கலாம், எந்தக் காணித்துண்டில் தொடங்கலாம் என்று பேச்சுத் திரும்பியிருக்கும்.

குருவானவர் பிரசங்கத்தில் இதற்கொரு தீர்ப்புச் சொல்லட்டுமே என்று எதிர்பார்ப்போரும் நம்மிடையே உண்டு. பரிசுத்த தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில், விஞ்ஞானக் கேள்விகளைத் தீர்த்துவைப்பதோ அரசியலின் இடத்தை எடுப்பதோ திருச்சபையின் வேலையன்று என்று தெளிவாகக் கூறி, நேர்மையான திறந்த விவாதத்தையே வேண்டினார். யூரியா எத்தனை கிலோ என்று சொல்லப் பீடத்திலிருப்பவருக்கு அதிகாரம் இல்லை. விவாதத்தில் கமக்காரனும் அழைக்கப்பட்டானா என்று கேட்க அவருக்கு உரிமையும் கடமையும் உண்டு.

இன்றைக்கு ஆபத்து மறுபக்கம் திரும்பியிருக்கிறது. சேதனப் பசளை என்று யாராவது வாயெடுத்தாலே "2021 மறந்துபோச்சோ?" என்று சிரித்து அடக்கிவிடுகிறோம். தடை தோற்றதனால் கிணறு தேறிவிடவில்லை. அவசரமாகச் செய்த ஒரு காரியம் பிழைத்துப்போனது என்பது, அதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட நோய் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது.

ஆகவே, உங்கள் கமக்காரர் அமைப்பு அடுத்த முறை கூடும்போது, பேச்சுத் தொடங்குமுன் ஊர்க் கிணறுகள் ஐந்தாறின் நீரை நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதித்து அந்த எண்களை மேசையில் வையுங்கள். மாரி முடிந்தபின் ஒரு முறை, கோடை முற்றியபின் ஒரு முறை எடுப்பது நன்று. மலசலகூடக் குழி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதையும் அருகே எழுதிக்கொள்ளுங்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையுள்ள வீடுகள் இதற்காகக் காத்திருத்தலாகாது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். அளவு மிகுந்த கிணறானால், குழந்தைக்குப் பால் கரைக்கும் நீரை வேறிடத்திலிருந்து எடுங்கள்.