சோதனையில் தெரியாத வலி



காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கதவடைக்கும் நம்மவர்க்குக் கால் வலியும் இடுப்பு வலியும் புதியன அல்ல. ஓர் இரவு ஓய்ந்தால் அவை பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் ஓய்ந்தாலும் தீராத வலி ஒன்று உண்டு. அது உடம்பின் இரு பக்கமும், மேலும் கீழும் பரவி, மூன்று மாதங்களுக்கு மேலாகியும் விடாது நிற்கும். எட்டு மணி நேரம் படுத்தெழுந்தாலும் தூங்கிய உணர்வே இராது. சொல்ல வந்த சொல் நாவில் எழாது. நாள்தோறும் சொல்லும் விலையே மறந்துபோகும். இரத்தம் எடுத்தும் படம் பிடித்தும் பார்த்தால், குறை ஒன்றும் இல்லை என்றே விடை வரும்.

இந்நோய்க்குப் பைப்ரோமயால்ஜியா என்று பெயர். நார், தசை, வலி என்னும் மூன்று பொருளுடைய சொற்கள் சேர்ந்து அமைந்தது அப்பெயர். உலக மக்களில் நூற்றுக்கு 2 முதல் 4 பேர் வரை இதனால் துன்புறுவதாக மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். பெண்களிடம் மிகுதி, ஆண்களுக்கும் வருவதுண்டு. தமக்கு இந்நோய் இருப்பதாக அண்மையில் டாக்டர் சொல்லக் கேட்டவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டிலும் ஒரே கடையிலும் இருப்பவர்களுக்காகவும் இப்பாடத்தை எழுதுகிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது?

கடையில் திருடனுக்காக அலாரம் வைக்கிறோம். அது பழுதுபட்டு, எலி ஓடினாலும் அலறத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடை முழுதும் தேடினாலும் திருடன் அகப்படமாட்டான். அதனால் சத்தமே கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா? தெரு முழுவதையும் எழுப்பிய சத்தம் அது!

இந்நோயில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. உடம்பின் வலிச் செய்திகளை ஏற்று அளவிடும் மூளையும் தண்டுவடமும் அவற்றை மிகையாகப் பெருக்கிவிடுகின்றன. சிறிது அழுத்தினாலும் பெரிய வலியாகிறது. இரத்தச் சோதனை திருடனைத்தான் தேடும். ஆகவே அது வெறுங்கையுடன் திரும்புகிறது. ஆயினும் சோதனை வீண் என்று எண்ணலாகாது. தைராய்டு குறைவு, முடக்குவாதம், இரத்தசோகை ஆகியவையும் இதே போன்ற களைப்பையும் வலியையும் தரக்கூடும். அவை இல்லை என்று அறிந்துகொள்வது அவசியம்.

பெயர் வந்த வரலாறு

1904ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் சர் வில்லியம் கவர்ஸ், தசைநாரில் அழற்சி இருப்பதாகக் கருதி இதற்குப் பைப்ரோசைட்டிஸ் என்று பெயரிட்டார். பின்னர் ஆராய்ந்தவர்கள் அழற்சியைக் காணவில்லை. 1976இல் இன்றைய பெயர் வழக்கிற்கு வந்தது. 1981இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பணிபுரிந்த டாக்டர் முஹம்மது யூனுஸ் என்பவரும் அவர் தோழர்களும் நோயாளர் 50 பேரை, நோயற்ற 50 பேரோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். வலியும் களைப்பும் தூக்கக் கேடும் இவர்களிடம் ஒருங்கே தோன்றுவதை அவ்வாராய்ச்சி காட்டியது.

1990இல் அமெரிக்க வாத மருத்துவக் கல்லூரி ஒரு விதியை வகுத்தது. உடம்பில் குறித்த 18 இடங்களை விரலால் அழுத்தும்போது 11 இடங்களிலேனும் வலிக்க வேண்டும் என்பது அது. 2010இல் அம்முறையை மாற்றி, வலியின் பரப்போடு தூக்கம், களைப்பு, நினைவு ஆகியவற்றையும் கேட்டறியும் முறையைக் கொண்டுவந்தனர். 2019இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், வலியே நோயாக அமையும் வகையில் இதனைச் சேர்த்திருக்கிறது.

இவ்வளவும் கூறுவதற்குக் காரணம் உண்டு. "எல்லாம் மனப்பிரமை", "வேலைக்குச் சோம்பல்" என்று வீட்டாரே சொல்லும்போது நோயாளர் படும் வேதனை வலியினும் பெரிது. அடுப்படியில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடும் மனைவியை நம்புவதும், மூட்டை தூக்கத் தயங்கும் தம்பியை நம்புவதும் அவர்களுக்கு நாம் செய்யும் முதல் உதவி. அதற்குச் செலவு ஒரு வெள்ளியும் இல்லை.

ஆறுதலும் எச்சரிக்கையும்

இந்நோய் மூட்டுகளை அரிப்பதில்லை, உடம்பின் உறுப்புகளைக் கெடுப்பதில்லை, பிறரைத் தொற்றுவதில்லை, புற்றுநோயாக மாறுவதுமில்லை. அதே வேளையில், இதை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. குறைத்துக்கொண்டு வாழலாம், பலர் வாழ்கின்றனர்.

ஒரே வாரத்தில் தீரும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளிடம் மிக விழிப்பாக இருத்தல் வேண்டும். மூலிகை என்ற பெயரில் வரும் சில வலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. உண்டவுடன் சுகம் தோன்றும். நாளடைவில் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே ஏற்கெனவே உண்டுவருபவர் தாமாக நிறுத்தாமல், அந்த மருந்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் செல்வாராக. மூலம் தெரியாத இத்தகைய சரக்கை யாரேனும் கொண்டுவந்து நீட்டினால், இலாபம் எவ்வளவாயினும் நம் கடை அலமாரியில் அதற்கு இடம் தரலாகாது.

செய்ய வேண்டுவன

முதலாவது, உடற்பயிற்சி. ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்கள் 2016இல் எல்லாச் சிகிச்சைகளையும் எடைபோட்டபோது, உறுதியாகப் பரிந்துரைத்தது இது ஒன்றையே. வலிக்கும் உடம்பை அசைப்பதா என்று தோன்றும். தொடக்கத்தில் ஐந்து நிமிட நடை போதும். சுப்ஹுத் தொழுகைக்குப் பின், சிராங்கூன் ரோட்டின் ஐந்தடிப் பாதைகளில் கூட்டம் சேருமுன் மெல்ல நடக்கலாம். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் கூட்டினால் போதும். அவசரப்பட்டால் வலி மிகும்.

இரண்டாவது, தூக்கம். கடையடைத்த பின் அருந்தும் தேநீரையும் காப்பியையும் விட்டுவிடுதல் நலம். படுக்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும்.

மூன்றாவது, மருந்து. டுலோக்ஸெட்டின், பிரிகாபலின், குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் ஆகியவை சிலருக்குப் பயன்படுகின்றன, எல்லோருக்கும் அல்ல. இவற்றுள் முதலதும் கடையதும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுபவை. அதைக் கண்டு, டாக்டர் நம்மைப் பைத்தியமென எண்ணிவிட்டாரோ என்று வருந்த வேண்டா. வலியை அடக்கும் நரம்பு வழிகளிலும் அவை வேலை செய்கின்றன. மயக்கமும் தூக்கமும் வரக்கூடுமாதலால், வேன் ஓட்டுவோர் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மனநல ஆலோசகரிடம் அனுப்பினாலும் தயங்காது செல்லலாம். வலியோடு வாழும் முறையை அவர்கள் கற்றுத்தருவார்கள்.

உடம்பின் பேரேடு

வியாபாரிக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைமுதலை ஒரே நாளில் செலவழித்தவன் மறுநாள் கடனாளி. இந்நோயாளருக்கு நாளொன்றுக்குரிய பலமே கைமுதல். வலி குறைந்த நாளில், விட்ட வேலையை எல்லாம் ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று அவர் இறங்குவார். பிறகு மூன்று நாள் படுக்கையில் கிடப்பார். நல்ல நாளிலும் அளவோடு நிறுத்தவும், கெட்ட நாளிலும் சிறிதேனும் அசையவும் பழகுவதே சிக்கனம்.

ஒரு சிறு சிட்டையில் நாள்தோறும் மூன்று வரி எழுதி வரலாம்: எத்தனை மணி தூங்கினோம், என்ன வேலை செய்தோம், வலி பத்தில் எத்தனை. ஒரு மாதத்தில் எந்தச் செலவு நம்மை முடக்குகிறது என்பது தெரிந்துவிடும். டாக்டருக்கும் அச்சிட்டை பெரிதும் உதவும்.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் முதுகு சாய நாற்காலி போடுங்கள். அரைமணிக்கொருமுறை எழுந்து நில்லுங்கள். பெரிய மூட்டையைச் சிறு பொட்டலங்களாகப் பிரியுங்கள். தீபாவளி, நோன்புப் பெருநாள் வியாபாரத்திற்கான சரக்கு அடுக்கும் வேலையைக் கடைசி வாரத்தில் குவிக்காமல் முன்னரே பங்கிட்டுக்கொள்ளுங்கள். கடைச் சிப்பந்தி ஒருவருக்கு இந்நோய் இருப்பினும் இதே சலுகைகள் அவருக்கும் உரியன.

தொழுகையும் நோன்பும்

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து தொழும் இளைஞரைக் கண்டு புருவம் உயர்த்தாதிருப்பது நம் கடமை. ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைக் கண்டு, மருந்து நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற இயலுமா என்று கேட்பீர்களாக. இயலாதெனில் நோயாளர்க்குரிய சலுகை பற்றி ஆலிமிடம் விளக்கம் பெறலாம்.

எங்கே செல்வது?

முதலில் குடும்ப டாக்டர், அல்லது சிராங்கூன் ரோட்டிலுள்ள காலாங் பலதுறை மருந்தகம் போன்ற இடம். அங்கிருந்து கடிதம் பெற்று, 1844இல் அடிக்கல் நாட்டப்பெற்ற டான் டோக் செங் மருத்துவமனையிலோ, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலோ உள்ள வாத நோய்ப் பிரிவுக்குச் செல்லலாம். பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு சென்றால் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உதவித்தொகைக் கட்டணம் கிடைக்கும். காய்ச்சல், மூட்டு வீக்கம், காரணமின்றி எடை குறைதல், ஒரு கையோ காலோ பலம் இழத்தல் ஆகியவை தோன்றினால் மட்டும், இதுவும் அந்த நோய்தான் என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சகோதரர்களே, இன்றிரவு கடையடைத்து வீடு சேர்ந்ததும், அங்கே நெடுநாளாக வலி என்று சொல்லிக்கொண்டிருப்பவர் எவரேனும் இருந்தால் அவரருகே அமர்ந்து, "எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக?" என்று கேளுங்கள். சொல்வதை இடைமறிக்காமல் முழுதும் கேளுங்கள். அல்லாஹ் நம் நோயாளர் அனைவருக்கும் ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.